‘பெக்காவி’ தந்தியை நேப்பியர் அனுப்பவில்லை

1843இல் சிந்துவை (இன்றைய பாகிஸ்தானில் உள்ள பகுதி) பிடித்த பிரிட்டிஷ் ஜெனரல் சார்லஸ் நேப்பியர், வெற்றிச் செய்தியாக ‘பெக்காவி’ என்று ஒரே சொல்லில் தந்தி அடித்தார் என்று இங்கே இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். சிலேடை உண்மைதான், அருமையானதும்கூட: லத்தீனில் ‘பாவம் செய்துவிட்டேன்’ என்று பொருள், அதையே ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் சின்ட்’ என்று வாய்விட்டுச் சொன்னால் ‘சிந்து என் கையில்’ என்றும் காதில் விழும். ஆனால் அது நேப்பியருடையது இல்லைங்க. கேத்தரின் விங்க்வொர்த் என்ற 16 வயதுப் பெண் போட்ட ஜோக் அது. லண்டனின் ‘பஞ்ச்’ நகைச்சுவை இதழ் 1844 மே 18 அன்று அதை, ஏதோ நிஜச் செய்தி மாதிரி, முகத்தில் சிரிப்பே காட்டாமல் அச்சிட்டது, அப்புறம் வந்தவர்கள் நிஜம் என்றே நம்பிவிட்டார்கள்.

சரிபார்ப்பதும் எளிது. ‘பஞ்ச்’ 6ஆம் தொகுதி (1844 ஜனவரி–ஜூன்) ஸ்கேன் செய்யப்பட்டு இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடக்கிறது. மே 18 இதழுக்குப் போய்ப் பாருங்கள், சீசரின் ‘வந்தேன், கண்டேன், வென்றேன்’ வாசகத்தோடு ஒப்பிட்டு ஒரு குட்டிச் செய்தி இருக்கும், அதுதான். அதோடு, 1843இல் இந்தியாவில் தந்தி சேவையே கிடையாது, 1850களில்தான் வந்தது.