ஒன்றை எடுத்தால் ஆண்மை போகாது

ஊர் குரூப்பில் சுற்றுகிற அந்த ஆடியோ எனக்கும் வந்துவிட்டது, இனி யாரும் அனுப்ப வேண்டாம். "பையனுக்கு ஒரு விதையை எடுத்தாச்சு, இனி என்ன ஆம்பள?" என்று கல்யாணத் தரகர் அண்ணாச்சி சொல்ல, கீழே வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலிகள். பாறசாலை முதல் மார்த்தாண்டம் வரை ஒரே ராத்திரியில் எல்லோரும் டாக்டர் ஆகிவிட்டீர்கள். வாழ்த்துகள்.

ஒரு விதையை, அதாவது விரையை, எடுத்தால் ஆண்மை போகாது. மற்றது நன்றாக இருந்தால் ஹார்மோனுக்கும் பிள்ளைக்கும் பெரும்பாலும் அதுவே போதும்.

இதைச் சொல்ல நீ யார்? எனக்கும் விதைப் புற்றுநோய் வந்து ஒன்றை எடுத்திருக்கிறது, திருவனந்தபுரத்தில். கத்தி வைப்பது கீழே அல்ல, அடிவயிற்று மடிப்பில். அதனால் ஊரில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவிட்டோம். அம்மாவின் யோசனை.

கீமோ முடிந்து முடி வந்தது, புருவம் வந்தது, ஆசை மட்டும் வரவில்லை. குளத்துக்குப் போவதை விட்டேன். வீட்டுக்குள்ளேயே துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உடை மாற்றுவேன். டாக்டர் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனைப் பார்த்துவிட்டு "குழப்பமொன்னும் இல்லா" என்றார், மலையாளத்தில் பிரச்சினை ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அப்படியென்றால் குழப்பம் எங்கே? என் மண்டையில்தான். கடைசியில் மனைவி லைட்டைப் போட்டு, தழும்பைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டு நாளும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தீங்க?" என்று கேட்டாள்.

பெண் வீட்டாரிடம் மறைக்கலாமா என்பீர்கள். கூடாது. சொல்ல வேண்டியவன் அந்தப் பையன், கேட்க வேண்டியவள் அந்தப் பெண். ஊர் குரூப் எதற்கு?

பிள்ளை பிறக்காதே என்பீர்கள். கீமோவால் விந்தணு குறையலாம், பலருக்குச் சில வருடங்களில் திரும்பும். அதற்காகத்தான் சிகிச்சைக்கு முன்பே விந்தை உறைய வைக்கச் சொல்கிறார்கள். வயிற்றின் பின்பக்க நிணநீர்க் கணுக்களை எடுத்த சிலருக்கு விந்து வெளியே வராமல் போகலாம், உச்சம் இருக்கும். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996-ல் இதே நோய் மூளை வரை பரவியது. முதலில் உறைய வைத்த விந்தில் பிள்ளைகள், பிறகு 2009-ல் இயல்பாகவே ஒரு மகன். ஊக்கமருந்துக் கதையை இங்கே இழுக்காதீர்கள், அது வேறு வழக்கு.

குடும்ப விஷயத்தை முகநூலில் எழுதலாமா என்று ஒருவர் வருவார். எழுதாமல்தானே இருந்தேன்? உங்கள் சிரிப்பைப் பார்க்கிற பையன்களுக்கு எல்லாம் இந்த நோய் அதிகம் வருகிற வயசு, 15-லிருந்து 35. வலியில்லாத கட்டி கையில் தட்டுப்பட்டாலும் அவன் எப்படி வாயைத் திறப்பான்? ஆரம்பத்திலேயே டாக்டரிடம் வந்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிற நோய் ஐயா இது!

சிரித்தவர்களில் என் மாமா மகனும் உண்டு. ஆஸ்பத்திரிக்கு என்னைப் பைக்கில் கொண்டு போனவன், குடலிறக்கம் என்று இன்றுவரை நம்புகிறவன். லே மக்கா, இப்போது தெரிந்துகொண்டாயா? ஸ்மைலியை அழிக்க வேண்டாம், நான் பார்த்துவிட்டேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் பக்கம் வராதே.