லீ குவான் யூவோடு கோ கெங் சுவீயையும் சொல்லுங்கள்

சிங்கப்பூரைப் புகழ்ந்து வரும் பதிவுகள் எல்லாம் லீ குவான் யூ பெயரோடு முடிந்துவிடுகின்றன. கோ கெங் சுவீயை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்வது அநியாயம்.

ராஃபிள்ஸ் கல்லூரியில் லீ படித்தபோது அவருக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர் கோ. 1959-இல் லீ பிரதமர், கோ நிதியமைச்சர். சதுப்பு நிலமான ஜூரோங்கில் தொழிற்பேட்டை என்று கோ இறங்கியபோது 'கோவின் முட்டாள்தனம்' என்று ஊரே பேசியது. லீ தடுக்கவில்லை.

ஆனால் இந்த நட்பைப் புரிந்துகொள்ள 1965 ஜூலைக்குத்தான் போக வேண்டும். மலேசியாவோடு சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் இனக்கலவரம், பணத் தகராறு, கட்சிச் சண்டை. மலேசியத் துணைப் பிரதமர் துன் ரசாக்கிடம் பேச லீ அனுப்பியது கோவை. கூட்டாட்சிக்குள்ளேயே கொஞ்சம் தளர்வான ஏற்பாட்டுக்கு வழி உண்டா என்று பார்க்கச் சொன்னார். கோ அதைக் கேட்கவே இல்லை. முழுப் பிரிவினைக்கே பேச்சைக் கொண்டுபோனார். ஜூலை 26-ஆம் தேதி லீ கைப்பட எழுதிக்கொடுத்த அதிகாரக் கடிதத்தில் இருந்தது, மலேசியாவின் அரசியலமைப்பு ஏற்பாடுகளை மாற்றுவது பற்றிப் பேசலாம் என்பதுதான். எவ்வளவு தூரம் போகலாம் என்று அதில் எல்லை போடவில்லை. அவ்வளவு நம்பிக்கை!

ஆகஸ்ட் 7-இல் பிரிவினை ஒப்பந்தம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த சிங்கப்பூர் அமைச்சர் ராஜரத்தினம் மனமே இல்லாமல்தான் கையெழுத்துப் போட்டார். 9-ஆம் தேதி லீ தொலைக்காட்சியில் அழுதார். தான் சொன்னதை கோ பேசவே இல்லை என்பது, பல வருடம் கழித்து கோவின் வாய்மொழி வரலாற்றுப் பதிவைப் படித்தபோதுதான் லீக்கே தெரிந்தது.

இதைத் துரோகம் என்பவர்கள் இருக்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. லீக்கு மலேசியக் கனவை விட மனம் வரவில்லை. அது நடக்காது என்று கோவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் செய்தார், அதன் சுமையையும் தானே ஏற்றார். நாடு பிரிந்ததும் நிதியை விட்டுப் பாதுகாப்புத் துறைக்குப் போனார். அப்போது இருந்தது இரண்டே இரண்டு காலாட்படைப் பட்டாலியன்கள். 1967-இல் கட்டாய ராணுவ சேவை வந்தது. அப்புறம் 1979-இல் கல்வித்துறை. எங்கே சிக்கலோ அங்கே கோ.

2010-இல் கோ இறந்தபோது, தன் அமைச்சரவைச் சகாக்களில் சிங்கப்பூருக்கு மிகப் பெரிய மாற்றத்தைத் தந்தவர் இவர்தான் என்றார் லீ. தன் முடிவுகளை எதிர்த்து வாதாடி மறுபடி யோசிக்க வைத்தவர் என்றும் சொன்னார். லீயைப் புகழ்பவர்கள், லீ சொன்ன இதையும் சேர்த்து எழுதுங்கள்.