பராமரிப்பு இல்லாத கடற்கரை அல்ல அது

அந்தக் காணொளியை நம் ரோஸ்டாக் குழுவில் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நான்கு நாளாக ஆளாளுக்கு எனக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். "அக்கா, இது நீங்கள் கூட்டிப்போன இடம்தானே?" ஆமாம், நான் கூட்டிப்போன இடம்தான், வடக்கு ஜெர்மனியில் பால்டிக் கடலோரம் இருக்கிற தார்ஸ் மேற்குக் கரை. "ஜெர்மனியில் இப்படியும் பராமரிப்பு இல்லாத ஒரு பீச்" என்று தலைப்புப் போட்டு, சாய்ந்து கிடக்கிற மரங்களையும் ஒதுங்கிக் கிடக்கிற கடற்பாசியையும் காட்டி, கடை இல்லை, கழிப்பறை இல்லை, கார் போக ரோடு இல்லை என்று ஒவ்வொன்றாக எண்ணி, கடைசியில் "ஒருத்தர் பேச்சைக் கேட்டு வந்தோம், ஞாயிற்றுக்கிழமை வீண்" என்று, நம்மோடு வந்து அதை எடுத்தவர் முடித்திருக்கிறார். அந்தப் பேச்சு என்னுடையது.

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு அதன் கீழே இருந்த கருத்துகளைப் படித்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

தார்ஸ் மேற்குக் கரை பராமரிப்பு இல்லாத கடற்கரை அல்ல. கை வைக்கக் கூடாது என்று முடிவு செய்து விட்டுவைத்த கடற்கரை. கவனிக்க ஆளில்லாமல் கிடப்பதும், வேண்டுமென்றே விட்டுவைப்பதும் ஒன்றல்ல. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

1990 செப்டம்பர் 12. கிழக்கு ஜெர்மனி என்கிற நாட்டுக்கு மூன்று வார ஆயுள்தான் மிச்சம். அக்டோபர் 3 அன்று அந்த நாடே இருக்கப்போவதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கடைசியாகக் கூடிய அமைச்சரவை ஐந்து தேசியப் பூங்காக்களுக்கு ஆணை நிறைவேற்றியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் சில மாதம் துணை அமைச்சராக இருந்த மிஹாயேல் சுக்கோ என்ற தாவரவியலாளரும் அவருடைய நண்பர்களும் ஓடி ஓடிச் செய்த வேலை அது. தார்ஸ் காடும் இந்தக் கரையும் அந்த ஐந்தில் ஒன்றுக்குள் வருகின்றன. அதற்கு முன்னால் இதே காட்டில் நாஜி அமைச்சர் கோரிங் வேட்டையாடினார். போருக்குப் பிறகு வடக்கு முனையில் கிழக்கு ஜெர்மனிக் கடற்படை உட்கார்ந்திருந்தது. அடுத்து ஓட்டல்காரர்கள் வந்திருக்க வேண்டிய முறை. வரவில்லை. வர முடியாதபடி எழுதிவைத்துவிட்டார்கள். நாடு கைவிட்டுப் போகிற நேரத்தில் ஒரு காட்டுக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்த இடத்தைத்தான் "பராமரிப்பு இல்லை" என்கிறார்.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பக்கத்து ஊரான பிரேரோவில் காரை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், அல்லது சைக்கிள். கலங்கரை விளக்கம் வரை சுமார் 5 கிலோமீட்டர். வழி முழுக்கக் காடு. அந்தக் காட்டுத் தரை ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும். மேடெல்லாம் ஒரு காலத்தில் கடற்கரை மணல்மேடாக இருந்தவை. மேட்டில் பைனும், பூஹே என்கிற அகன்ற இலை மரமும் நிற்கும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஆல்டர் மரங்கள் நிற்கும். சில ஆயிரம் ஆண்டுகளாகக் கடல் மணலைக் கொண்டுவந்து போட்டுப் போட்டு இந்த நிலத்தை உண்டாக்கியிருக்கிறது. அதாவது கடலுக்குப் போய்ச் சேரும் முன்பே பழைய கடற்கரைகளைத் தாண்டித் தாண்டி நடக்கிறோம். இதை நான் அன்றைக்கும் சொன்னேன். அவர் போனில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்.

சரி, விழுந்த மரத்துக்கு வருவோம். மேற்குக் காற்று இந்தக் கரையை ஆண்டு முழுக்க அறுக்கிறது. மணல் கரைந்து வடக்கே நகர்ந்து தார்ஸர் ஓர்ட் முனையில் போய்ச் சேர்கிறது. இங்கே நிலம் தேய்கிறது, அங்கே வளர்கிறது. தேய்கிற இடத்தில் காடு நேராக மணலில் வந்து முடிகிறது. நேற்று வரை காட்டின் ஓரத்தில் நின்ற மரம் புயலடித்தால் இன்று கரையில் கிடக்கும். நிற்கிற மரங்களும் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருக்கும். காற்றுக்குத் தப்பி ஓடுகிறவை என்று பொருள்படும்படி ஜெர்மன்காரர்கள் அவற்றுக்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். விழுந்ததை யாரும் எடுக்க மாட்டார்கள். எடுக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. தெற்கே ஆரென்ஸ்ஹோப் ஊரைப் போய்ப் பாருங்கள். அங்கே மரக்கட்டைத் தடுப்புகள் உண்டு, கல் உண்டு, வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டுவதும் உண்டு. அங்கே வீடு இருக்கிறது, காப்பாற்றுகிறார்கள். இங்கே காடு இருக்கிறது, விட்டிருக்கிறார்கள். எது எங்கே வேண்டும் என்று தெரிந்துதான் செய்கிறார்கள்.

இந்த மரங்கள் விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சிலர் கேட்டீர்கள். சொல்கிறேன்.

நான் வேதாரண்யத்துக்காரி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையில் ஏறியபோது நான் இங்கே ரோஸ்டாக்கில் இருந்தேன். வீட்டுக்குப் போன் போகவில்லை. முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள், எதுவும் இல்லை. நான்காம் நாள் தம்பி யாருடைய போனிலிருந்தோ பேசினான். "எல்லாரும் இருக்கோம். மரம் ஒண்ணுகூட இல்லக்கா." அவ்வளவுதான், இணைப்புப் போய்விட்டது. அந்த வாரம் கூட வேலை பார்க்கிற ஒரு பெரியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, வா என்று காரில் ஏற்றி இந்தக் கரைக்குக் கூட்டிவந்தார். எனக்கு இந்த இடம் தெரிந்தது அப்படித்தான். நவம்பர் குளிர், காது அறுந்துபோகிற காற்று, கரையில் ஓர் ஆள் இல்லை. காட்டைவிட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது வேரோடு சாய்ந்த ஒரு பூஹே மரம். அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

அந்த மரமும் எங்கள் தென்னையும் ஒன்றா என்றால் இல்லை. அங்கே விழுந்தது சோறு. இருபது வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த சோறு. இங்கே விழுந்தது யாருடையதும் இல்லை. ஆனால் மறு ஆண்டு ஊருக்குப் போனபோது கோடியக்காட்டுக்குள் போனேன். அங்கேயும் மரங்கள் விழுந்து கிடந்தன, கிடந்தவற்றின் பக்கத்திலேயே துளிர் வந்திருந்தது. விழுந்ததெல்லாம் குப்பை இல்லை என்று எனக்குப் புரிந்தது இந்த இரண்டு கரைகளிலும்தான்.

அன்றைக்கு அழுது முடித்துத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர், எந்தத் தண்ணீரையும் அப்படித்தான் பார்ப்பார். நம் கடல் அளவுக்கு உப்பே இல்லை. பால்டிக் கடலின் இந்தப் பக்கத்தில் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் உப்புதான், நம் கடலில் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இதை அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் நம்பவில்லை.

இனி கருத்துப் பெட்டிக்காரர்களுக்கு.

"வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?" நியாயமான கேள்வி. பிரேரோவிலிருந்து கலங்கரை விளக்கம் வரை குதிரை வண்டி போகிறது. வசதியான கரை வேண்டுமென்றால் பிரேரோவும் ட்சிங்ஸ்டும் பக்கத்திலேயே இருக்கின்றன.

"இவர் என்ன ஜெர்மன்காரியாகிவிட்டாரா?" இதுதான் என்னைக் குத்தியது. கழிப்பறை வேண்டும் என்று சொன்னால் தமிழன், காடு வேண்டும் என்று சொன்னால் வெள்ளைக்காரியா? கோடியக்கரையில் வெளிமான் ஓடுகிற புல்வெளியை ஒட்டித்தான் நான் வளர்ந்தேன். பூநாரை வந்து இறங்குகிற மாதம் எது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். காட்டை ஒட்டின கரை என்பது எனக்கு யாரோ இங்கே வந்து சொல்லிக்கொடுத்த நாகரிகம் இல்லை. அது என் ஊர். பதினோரு வருஷம் இந்தக் குளிரில் இருந்தும் எனக்கு ஊர் மாதிரி இருக்கிற ஒரே இடம் இது. அதனால்தான் கூட்டிப்போனேன். வேறு எதற்கு?

"முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே?" சொன்னேன். குழுவில் வெள்ளிக்கிழமையே எழுதினேன். கடை கிடையாது, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், போய்த் திரும்பப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், குப்பையைத் திரும்பக் கொண்டுவரப் பை எடுத்துக்கொள்ளுங்கள், காட்டிலும் கரையிலும் நெருப்புப் பற்றவைக்கக் கூடாது. மேலே போய்ப் பாருங்கள், இன்னும் இருக்கிறது. அதற்கு அவர் கட்டைவிரல் உயர்த்தியதும் இருக்கிறது.

காணொளி எடுத்த தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து அன்றைக்கு விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டினேன். உங்கள் பிள்ளைக்குக் காரம் ஆகாது என்று தனியாகத் தயிர்ச் சோறு. அந்த மரத்தின்மேல் உட்கார்ந்துதான் எல்லோரும் சாப்பிட்டோம். நீங்கள் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிடிக்கவில்லை என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம். "அக்கா, எனக்கு இது ஒத்துவரவில்லை" என்று ஒரு வார்த்தை போதும். எல்லோருக்கும் எல்லா இடமும் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் நான் அழுத மரத்தைக் காட்டி, கீழே சிவப்பு எழுத்தில் "இதை அள்ளக்கூட ஆள் இல்லை" என்று போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அந்தக் கதை தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். தெரியாமல்தான் செய்தீர்கள். இருந்தாலும் வலிக்கிறது.

இன்னொன்று. உங்கள் காணொளியை மூன்று முறை பார்த்தேன். கடைசிப் பகுதி, பொழுது சாய்ந்து நாம் காட்டு வழியே திரும்பி வருகிறபோது எடுத்தது. நீங்கள் "ஒரு காபிக்கடை வைத்தால்கூட..." என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் குரலுக்குப் பின்னால் ஆழத்திலிருந்து நீளமாக ஒரு சத்தம் வருகிறது. செப்டம்பர் கடைசியில் சிவப்பு மான்களுக்கு இணை சேரும் பருவம். ஆண் மான் அப்படித்தான் கத்தும். அதைக் கேட்பதற்கென்றே இந்த மாதத்தில் எங்கெங்கோ இருந்து ஆட்கள் தார்ஸுக்கு வருகிறார்கள். உங்கள் பிள்ளை உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, அது என்னப்பா?" என்று கேட்கிறாள். இரண்டு தடவை கேட்கிறாள். நீங்கள் பார்க்கிங் பற்றிப் பேசத் தொடங்குகிறீர்கள்.

அது மான், பாப்பா. பெரிய கொம்பு வைத்த மான். அடுத்த வருஷம் அத்தை கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.