சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல் டிரில் போடுகிறவர்களுக்கு

"ஒரு பிளக், ஒரு ஸ்க்ரூ போதும் சார், யானையையே மாட்டலாம்" என்று சொல்கிற ஆளை இனிமேல் வாசற்படி ஏற விடுவதாக இல்லை. வயிறு எரிகிறது.

மாட்டச் சொன்னது போட்டோ பிரேம் இல்லை, பாடம் செய்த காட்டுமாட்டுத் தலை. வால்பாறை எஸ்டேட்டில் தாத்தா வேலை பார்த்த காலத்தது, விலங்குகளைப் பாடம் செய்கிற மைசூர் வான் இங்கன் பட்டறையில் செய்தது. கொம்பு, கழுத்து, பின்பலகை எல்லாம் சேர்த்து 30 கிலோவுக்குக் குறையாது. அந்த மாட்டைச் சுட்டது சரி என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. சுட்டாயிற்று. மிச்சம் இருப்பதையாவது மரியாதையாக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அப்பா சொல்லிவிட்டுப் போனது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமைச் சான்றிதழ் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், விற்கவோ வாங்கவோ கூடாது. அந்தப் பட்டறையும் 1999-இல் மூடியாகிவிட்டது. அதனால் உடைந்தால் உடைந்ததுதான்.

உடைந்துவிட்டது. இடது காது அடியோடு பிளந்து, உள்ளே அடுக்கடுக்காகக் காகிதக் கூழ் தெரிகிறது. விழுந்தது ராத்திரியில். பகலில் பையன் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுகிற சோபாவின் மேலேதான் விழுந்தது. கொம்பு நுனி ரெக்சினைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தது. அதே இடத்தில் பிள்ளை இருந்திருந்தால்? இதை நினைத்துவிட்டு எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

மறுநாள் அந்த ஆளைக் கூப்பிட்டால், வெறுங்கையால் உதிர்ந்த மயிரையும் தூசியையும் அள்ளுகிறார். அந்தக் காலத்தில் தோலைப் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்செனிக் தடவுவார்கள், கையுறையும் மாஸ்க்கும் இல்லாமல் தொடாதீர்கள் என்று நான் கத்த வேண்டியிருந்தது. அப்புறம் அவர் சொன்ன காரணம்: "சுவர் சரியில்லை சார்."

சுவர் சரியில்லை என்று டிரில் போடும்போதே தெரியாதா? கோயம்புத்தூரில் இப்போது கட்டுகிற ஃபிளாட்டுகள் பலவற்றில் ஏஏசி பிளாக்தான். சாம்பல், சுண்ணாம்பு, சிமெண்டோடு அலுமினியப் பொடி கலந்து, வாயு கிளம்பி, உள்ளெல்லாம் காற்றுக் குமிழியாகப் பொங்கி வருகிற கல். ஒரு கன மீட்டர் 600 கிலோ அளவுக்குத்தான் இருக்கும், கான்கிரீட் என்றால் 2,400 கிலோ. அதில் ஹேமர் டிரில்லைப் போட்டால் கேக்கில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும், ஓட்டையும் வாய் அகன்றுவிடும். செங்கல் என்றால் செந்தூள் வரும். கான்கிரீட் என்றால் மெஷின் திணறும். இங்கே மாவு மாதிரி சாம்பல் பொடி கொட்டுகிறது, கண் முன்னால் கொட்டுகிறது, பார்த்துக்கொண்டே சாதாரண பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டி ஏற்றுகிறார்!

தலை என்பது படம் மாதிரி சுவரோடு ஒட்டி நிற்பதில்லை. சுவரிலிருந்து இரண்டு அடிக்கு மேல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், கனமும் முன்னால்தான். அதனால் மேல் ஸ்க்ரூவைக் கீழே இழுப்பது மட்டுமல்ல, சுவரைவிட்டு வெளியே பிடுங்கவும் செய்யும். அப்படிப்பட்ட தலையை அந்த டிரில் ஆள் பின்பக்கம் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டி ஒரே ஆணியில் தொங்கவிட்டிருந்தார். கம்பி எவ்வளவுக்கு எவ்வளவு படுக்கையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இழுவை ஏறும். கிடைமட்டத்திலிருந்து 15 டிகிரிதான் என்றால் ஒவ்வொரு பக்கக் கம்பியிலும் மொத்த எடையைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழுவை. 30 கிலோவுக்கு 58 கிலோ. பள்ளிக்கூடத்துக் கணக்கு இது.

அடுத்து வந்தவர் வயதான கொத்தனார். மெஷினை எடுக்கவேயில்லை. முதலில் சுவர் நெடுகக் கை முட்டியால் தட்டிக்கொண்டே போனார். மேலே பீம் ஓடுகிற இடம் வந்ததும் சத்தம் மாறியது. அங்கே சின்னதாக ஓட்டை போட்டு, தூளை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். "இது கான்கிரீட், இதுல தாங்கும்" என்றார். பீமில் 10 எம்எம் ஆங்கர் போல்ட், அதில் தேக்குப் பலகை. பலகையின் மேல் விளிம்பை 45 டிகிரி சரிவாக அறுத்து, தலையின் பின்பலகையில் அதற்கு எதிர்ச்சரிவில் இன்னொரு பலகை. இரண்டும் கவ்விக்கொண்டு உட்கார்ந்தன. கம்பியே கிடையாது. ஏஏசியில்தான் மாட்டியாக வேண்டும் என்றால் டிரில்லில் இடிக்கிற ஹேமர் மோடை நிறுத்திவிட்டு ஓட்டை போட்டு, தூசியை ஊதி எடுத்து, போல்ட்டை இறுகப் பிடிக்கிற பசையான கெமிக்கல் ஆங்கர் ஊற்றணும், இல்லையென்றால் சுவரின் மறுபக்கம் வரை போல்ட் விட்டுப் பட்டை வைத்து முடுக்கணும் என்றும் சொன்னார். இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானமா? தொழில் தெரிந்தவருக்குச் சர்வ சாதாரணம்.

ஃபிளாட் விற்கிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. நீச்சல் குளத்துக்கும் ஜிம்முக்கும் பளபளவென்று புத்தகம் அடித்துக் கொடுக்கிறார்கள். தூண் எங்கே, பீம் எங்கே, எந்தச் சுவர் எந்தக் கல் என்று ஒரே ஒரு தாள் கொடுக்க மாட்டார்கள். கேட்டால் "அதெல்லாம் இன்ஜினியர்கிட்ட இருக்கும்" என்கிறார்கள். பல லட்சம் கொடுத்து வாங்கியவன் தன் வீட்டுச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தட்டித்தான் தெரிந்துகொள்ளணுமா?

காட்டுமாட்டுத் தலை எல்லார் வீட்டிலும் இருக்காது, சரி. கீசர் இருக்கிறதே! 15 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ, தொட்டியின் எடை தனி. எங்கள் அடுக்ககத்தில் பாதி வீட்டுக்குக் கீசர் மாட்டியதும் இதே ஆள், இதே பிளக். பக்கத்து வீட்டில் போய்க் கீசரைக் கையால் பிடித்துப் பார்த்தேன், ஆடுகிறது. அந்த வீட்டு அம்மாவிடம் சொல்லி மெயினை அணைக்க வைத்தேன். கொத்தனார் வந்து போல்ட்டை மாற்றுகிற வரைக்கும் அவர்கள் வீட்டில் அடுப்பில்தான் வெந்நீர்.