பதிவு செய்யாத கானாவுக்கு உரிமை இல்லையா? தவறான தகவல்

"பதிவு செய்யாத பாட்டையும் ஓவியத்தையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கலாம், ஒரு சொல்லுக்கு டிரேட்மார்க் வாங்கிட்டா மத்தவங்க அதைப் பாடவே கூடாது." வியாசர்பாடி, காசிமேடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவலில் இரண்டுமே தவறு.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாகக் கட்டிய பாட்டை நோட்டில் எழுதியதுமே உரிமை வந்துவிடும். சுவரில் வரைந்த படத்துக்கும் அப்படித்தான். படைத்தவரின் ஆயுள் முழுக்க, அதன்பின் 60 ஆண்டுகள் அது நிற்கும். பதிவு கட்டாயமில்லை, வழக்கில் சான்றாக உதவும். உண்மையான சிக்கல் வேறு. மேடையில் பாடியதோடு விட்டுவிட்டால், 'என்னுடையது' என்று காட்டக் கையில் எதுவும் இருக்காது. தேதி போட்டு எழுதி வையுங்கள். முதல் வாய்ஸ் நோட்டை அழிக்காதீர்கள்.

டிரேட்மார்க் என்பது குறிப்பிட்ட சரக்குக்கோ சேவைக்கோ உரிய அடையாளம். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிரியாணிக் கடைக்கு 'அலை' என்று பதிவு செய்தவர், கானா வரியில் அலை வருவதைத் தடுக்க முடியாது. வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமையும் கிடையாது. 2015இல் உச்ச நீதிமன்றமே ஒரு திரைப்படத் தலைப்பு வழக்கில் அப்படிச் சொன்னது.

பதிப்புரிமை அலுவலக இணையதளத்தில் சட்டத்தின் 13, 22, 45, 48ஆம் பிரிவுகளைப் படித்துச் சரிபார்க்கலாம். அந்தத் தகவலை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.