அம்மப்பான்ர தகப்பன் பேர்

அம்மப்பான்ர பிறப்புப் பத்திரம் எடுக்கக் கிளிநொச்சிக் கந்தோருக்குப் போனா, பதிவு இலக்கம் தெரியுமோ எண்டு கேக்கினம். அது தெரிஞ்சா நான் ஏன் விடியக்காலமை வந்து வரிசையில நிக்கிறன்?

அம்மப்பா பிறந்தது பரந்தனுக்குக் கிட்ட. கிளிநொச்சி தனி மாவட்டமானதே 1984இல, அதுக்கு முந்தி யாழ்ப்பாண மாவட்டம். அதால அங்க போய்த் தேடட்டாம். அங்க போனா, இஞ்சதான் கிடக்குமாம். பஸ்சுக்குக் குடுத்த காசே எவ்வளவு!

வீட்டில இருந்த பத்திரமெல்லாம் அம்மா சொப்பிங் பையில சுத்தி, 2009இல இடுப்பில கட்டிக்கொண்டு ஓடினவ. நந்திக்கடல் தண்ணியில நனைஞ்சு போச்சு. மிச்சம் ஒரு துண்டு. மடிச்ச இடத்தில கிழிஞ்சு, நீல மை ஊறி, தகப்பன் பேரில '...நாதர்' மட்டும் தெரியுது. சபாநாதரோ, விசுவநாதரோ? குடும்பப் பேர் இல்லாத சனம் நாங்கள். தகப்பன் பேர் அறுந்தா அதுக்கு மேல ஏற வழியே இல்லை.

பிறப்புப் பதிவு கிடைக்காட்டிக் குடுக்கிற உத்தேச வயதுப் பத்திரம் எடுங்கோ எண்டு லேசாச் சொல்லினம். எனக்கு வேண்டியது அவற்ற வயதில்லை, ஐயா.

போன கிழமை பெரியம்மாவைக் கேட்டன். "அவரோ, நல்ல கமக்காரன்" எண்டவ. பேர் வரேல்ல.