இறங்கத் தெரியாத வாலிபர் ஐக்கியம்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கத்துச் சபைகளில் வாலிபர் ஐக்கியம் மலைக்குப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஏலகிரி, இல்லையென்றால் நாகலாபுரம். உச்சியில் இரண்டு பாட்டு, ஒரு குரூப் போட்டோ, கிறிஸ்தவ வாழ்க்கை மலையேற்றம் போன்றது என்று ஒரு செய்தி. சரிதான். ஆனால் இறங்குவதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. மலையில் கால் பிசகுவதும் விழுவதும் பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

ஏறும்போது மூச்சு வாங்கும். "நில்லு" என்று உடம்பே சொல்லிவிடும். இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் எச்சரிக்கையும் வராது. முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் பாரத்தைத் தாங்கி, ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போடுகிறது. அதில் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வலி தலைகாட்டும். இரண்டாம், மூன்றாம் நாள் படி இறங்க முடியாது.

ரிட்ரீட் என்கிற தியான முகாம் முடிந்து வருகிற விசுவாசிக்கும் இதே கதிதான். கஷ்டத்தில் மூச்சு வாங்குவதால் ஜெபிக்கிறோம். ஆசீர்வாதக் கூட்டம் முடிந்து இறங்கும்போது வாங்குவதில்லை. செவ்வாய்க்கிழமை கும்மிடிப்பூண்டி ரயில் நெரிசலில் யாரோ காலை மிதிக்கும்போதுதான் தெரிகிறது, முழங்கால் எப்போதோ போய்விட்டதென்று.

இயேசுவின் முகம் ஒளிமயமாக மாறிய மறுரூபமலையில், அவருடைய சீஷர் பேதுரு மூன்று கூடாரம் போட்டு அங்கேயே தங்கலாம் என்றார். மீன்பிடிக்கிறவர், மலை அவருக்குப் புதுசு, பாவம். ஆண்டவர் கூடாரம் போடவிடவில்லை. மறுநாள் மலையிலிருந்து இறங்கியதும் எதிரே வந்தது என்ன என்று லூக்கா 9-ல் பாருங்கள்: வலிப்பில் துடிக்கிற ஒரே மகன், கெஞ்சுகிற தகப்பன், கையாலாகாமல் நிற்கிற சீஷர்கள். மலைச் செய்தி கொடுக்கிறவர்கள் பலர் கூடாரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சரி, எப்படித் தயாராவது? வடசென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான். ஹவுசிங் போர்டு மாடிப்படி போதும். நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நாலு மாடி ஏறி இறங்குவதைப் பத்துத் தடவை. ஏறுவது எப்படியோ போகட்டும். இறங்குவதை மெதுவாக, கைப்பிடியைப் பிடிக்காமல் செய்யுங்கள். இறங்கிப் பழகிய தசைக்கு அடுத்த சில வாரங்கள் வலி குறைவாகவே வரும். கடைசிக் கடும்பயிற்சி பயணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே முடியட்டும்.

ஷூ அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும். நகத்தை இரண்டு நாள் முன்னாடியே வெட்டுங்கள். இல்லாவிட்டால் இறக்கத்தில் கட்டைவிரல் ஷூ முனையில் இடித்து நகம் கறுத்துவிடும். இறங்கும் முன் ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். முழங்காலை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடி. நீளம் மாற்றக்கூடிய ஊன்றுகோல் வைத்திருந்தால் ஏறும்போது வைத்ததைவிட 5 முதல் 10 செ.மீ. நீளம் கூட்டுங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. தண்ணீர் மணிக்கு அரை லிட்டர். வெயிலில் அதற்கும் மேல். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல் ஓ.ஆர்.எஸ். கலந்தும் குடியுங்கள், பாக்கெட்டில் போட்ட அளவுத் தண்ணீரில். எலியாவுக்கே தூதன் முதலில் அடையும் தண்ணீரும் கொடுத்துவிட்டுத்தான் ஓரேப் மலைக்கு அனுப்பினான்.

நேரக் கணக்குக்கு 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி இன்றும் உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. நம் வெயிலுக்கும் கூட்டத்துக்கும் அதில் பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் நேரத்தைக் கீழேயே முடிவு செய்யுங்கள். பத்து மணி என்றால் பத்து மணி, உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். அதைத் தயவுசெய்து பிரசங்க உதாரணமாக்க வேண்டாம்.

வரிசையில் முன்னால் யார் போவது? நம் கூட்டங்களில் பலசாலி அண்ணன்தான் போவார். அவர் முன்னால் போய்க் காத்திருப்பார். பின்னால் வருகிற தங்கச்சி வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாம்" என்பார். ஓய்வு முழுக்க அவருக்கு, அந்தப் பெண்ணுக்குச் சொட்டுக்கூட இல்லை. மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பலசாலி கடைசியில், முதலுதவிப் பையோடு. பிள்ளைகளின் நடைக்கும் மந்தையின் நடைக்கும் தக்கபடி மெதுவாக வருகிறேன் என்று யாக்கோபு ஏசாவிடம் சொன்னாரே, அந்த நடை. (அவர் அதைச் சொன்னது அண்ணனிடமிருந்து நழுவத்தான் என்பது வேறு விஷயம்.) சபையிலும் அப்படித்தான். புதிதாக வந்தவர் மூச்சிரைக்க எட்டிப் பிடிக்கும் நேரத்தில் அடுத்த உபவாசக் கூட்டத்தை அறிவித்துவிடுகிறோம்.

யூத் லீடர்களுக்கு ஒரு யோசனை. சாட்சிக் கூட்டத்தை உச்சியில் வைக்காதீர்கள். அங்கே யாருக்கும் சாட்சி வரும், காற்று அப்படி. நாலு வாரம் கழித்து, சபை ஹாலில், ஃபேன் ஓடாத ஒரு மதியத்தில் வையுங்கள். வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கிற அன்றைக்கே அந்தத் தேதியையும் குறித்துவிடுங்கள்.